பச்சை ஜன்னல், எழுபத்தைந்து பிரதிகள்

அச்சுக்கூடத்தில் அவளுக்குப் பொம்மை அக்கா என்று பெயர். பார்க்கப் பொம்மை மாதிரி இருப்பாளோ என்று யாரும் ஆசைப்பட வேண்டாம். ஐம்பது வயது, முழங்கை வரை மை, மூக்குக்கு மேல் கோபம். பெயர் வந்தது வேலையிலிருந்து. செம்புத் தகட்டில் கோடுகளாக அரித்திருக்கும் படத்துக்கு வண்ண மை ஏற்ற, பழைய துணியை உருட்டி, கழுத்தில் நூல் சுற்றி, கட்டைவிரல் அளவில் ஒரு குஞ்சம் செய்துகொள்வார்கள். தலையும் பாவாடையுமாக இருக்கிற அதற்குப் பொம்மை என்று பெயர். நிறத்துக்கு ஒரு பொம்மை. முப்பது வருஷமாக அந்தப் பொம்மைகளைக் கட்டுவதும், அவற்றால் மை தொட்டு வைப்பதும், அதிகப்படி மையைத் துணியாலும் உள்ளங்கை ஓரத்தாலும் துடைத்தெடுப்பதும் அவள் வேலை. சக்கரத்தைச் சுற்றி அச்சு இழுப்பது இன்னொருவர். அவருக்குச் சக்கரம் என்றே பெயர். படத்தை வரைந்தவர் கடைசியில் வந்து பென்சிலால் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார். ஜனங்கள் அந்தக் கையெழுத்தைச் சுவரில் மாட்டுகிறார்கள். பொம்மை அக்காவின் உள்ளங்கையை யாரும் மாட்டுவதில்லை. அதில் அவளுக்கு வருத்தம் இல்லை. அவளுடைய வருத்தம் வேறு.

அவளுக்கு ஒரே ஒரு தம்பி. அம்மா போனபோது அவளுக்குப் பதினேழு வயது, அவனுக்கு எட்டு. அப்பா ஊர் ஊராகச் சுற்றுகிற வேலையில் இருந்தார். வீட்டுக்கு வந்தால் விருந்தாளி. ஆகவே அவளே சமைத்து, அவளே தலை வாரிவிட்டு, அவளே பள்ளிக்கூடத்துக்குப் போய் வாத்தியாரிடம் திட்டு வாங்கி, திரும்பி வந்து அதை வட்டியோடு தம்பிக்குக் கொடுத்தாள். திட்டுக்கெல்லாம் காரணம் ஒன்றுதான். தம்பி இடதுகைக்காரன்.

“கைய மாத்து.” அந்த வீட்டில் அதிகம் புழங்கிய வாக்கியம் இதுதான். மர ஸ்கேலால் அடித்தாள். சாப்பிடும்போது இடது கையைத் துண்டால் நாற்காலிக் காலோடு கட்டினாள். தாயில்லாப் பிள்ளை, அதனால்தான் இப்படி என்று யாரும் வாயைத் திறந்துவிடக் கூடாது என்பது அவள் பயம். பதினேழு வயதுப் பெண்ணுக்கு அதைவிடப் பெரிய பயம் என்ன இருக்க முடியும்? ஆனால் கை மாறவில்லை. அழுதுகொண்டே வலது கையில் பென்சிலைப் பிடிப்பான். அவள் அந்தப் பக்கம் திரும்பினால் பென்சில் இந்தப் பக்கம் வந்துவிடும். கல்லுளிமங்கன். அவள் அடித்துக் களைத்தாள், அவன் வளர்ந்து ஆளானான்.

அவ்வளவு அடி வாங்கிய கைதான் பின்னால் அவனுக்குச் சோறு போட்டது. வீட்டின் கீழ்ப்பகுதியில், தெருவைப் பார்த்து, குடை ரிப்பேர் கடை வைத்தான். இடது கையில் குறடு, வலது கையில் குடைக்கம்பி. கல்யாணம் ஆயிற்று, ஒரு பெண் குழந்தை பிறந்தது. அக்காவுக்கு வந்த வரன்களெல்லாம் தம்பி படிப்பு முடியட்டும், தம்பி கடை நிலைக்கட்டும் என்று தள்ளித் தள்ளிப் போய், ஒரு நாள் வருவதையே நிறுத்திக்கொண்டன. அவள் மாடி அறையில் தனியாக இருந்தாள். வெளிப்புறமாகவே படி. அறைக்குத் தெருப்பக்கம் ஒரு ஜன்னல், பலகைச் சட்டங்கள் அடுக்கிய பச்சைக் கதவோடு.

வார விடுமுறை நாளில் சாயங்காலம் நாலு மணிக்கு அந்தக் கதவு திறக்கும். அவள் தலை வெளியே வரும். “டீ போட்டாச்சு.” கீழே கடை வாசலில் தம்பி தலையை நிமிர்த்திக் குறட்டை ஒரு ஆட்டு ஆட்டுவான். வருகிறேன் என்று அர்த்தம். பதினைந்து வருஷம் இப்படி நடந்தது. தெருமுனைக் கடிகாரம் நின்றுபோனால்கூட அக்கா ஜன்னலைப் பார்த்து மணி சொல்லலாம் என்று பக்கத்து ரொட்டிக் கடைக்காரர் சொல்வார்.

அந்த நாலு மணி டீ நின்றது ஒரு மத்தியானச் சாப்பாட்டில். கீழே எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். குழந்தைக்கு அப்போது மூன்று வயது. ஸ்பூனை எடுத்தது, இடது கையால். அத்தைக்கு என்ன நினைவு வந்ததோ, கை தானாகப் போயிற்று. பட்டென்று குழந்தையின் கையில் ஒன்று விழுந்தது. “கைய மாத்து.”

தம்பி எழுந்தான். அவன் சத்தம் போடுகிறவன் இல்லை, அன்றைக்கும் போடவில்லை. “அக்கா, என்னை அடிச்சது போதும். என் பொண்ணு மேல கை வைக்காத. நீ ஒண்ணும் அம்மா இல்ல.”

குழந்தையின் அம்மா நீ இல்லை என்று சொன்னானா, எனக்கு நீ அம்மா இல்லை என்று சொன்னானா? அவன் எதை நினைத்துச் சொன்னானோ, அவள் இரண்டாவதைத்தான் கேட்டாள். கை கழுவினாள். படி ஏறினாள். ஜன்னலைச் சாத்தினாள்.

ஒரு வருஷம் நாலு மாதம் சாத்தியே இருந்தது. அவன் வெளியே போயிருக்கிற நேரம் பார்த்துக் காற்றுக்குத் திறப்பாள், திரும்பி வருவதற்குள் மூடிவிடுவாள். படியில் எதிர்ப்பட்டால் சுவரைப் பார்த்துக்கொண்டு இறங்குவாள். அவன் முதல் மாதம் நாலைந்து தடவை மேலே வந்து கதவைத் தட்டினான். “அக்கா, கோபமா?” என்று கேட்டான். இதற்கு என்ன பதில் சொல்வது? கோபம் என்று சொன்னால் மானம் போகிறது, இல்லை என்று சொன்னால் கோபம் போய்விடுகிறது. அவள் கதவைத் திறக்கவில்லை. பிறகு அவன் வருவதில்லை. வந்து ஒரு வார்த்தை, “நீதான் அக்கா எனக்கு அம்மா” என்று சொல்லிவிட்டால் போதும் என்று அவள் உள்ளே உட்கார்ந்திருந்தாள். அந்த வார்த்தைக்காகத்தான் அத்தனை பிடிவாதமும். கேட்காமல் வர வேண்டும், அதுதான் அவள் கணக்கு.

அந்தக் காலத்தில் ஒரு விடுமுறை நாள். தெருவில், எதிர் வரிசை நடைபாதையில், தொப்பி வைத்த ஒரு ஆள் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். மடியில் ஏதோ பலகை. பலகைச் சட்டங்களின் இடுக்கு வழியாகப் பொம்மை அக்கா பார்த்தாள். தம்பி கடையிலிருந்து இறங்கிப் போய் அந்த ஆளிடம் பேசினான். பேச்சு அவளுக்கு எட்டவில்லை. இடது கையைத் தூக்கி, குறட்டோடு, நேராக அவள் ஜன்னலைக் காட்டினான். தொப்பிக்காரரும் நிமிர்ந்து பார்த்தார். இரண்டு பேரும் சிரித்தார்கள்.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. முன்பின் தெரியாத ஆளிடம் தன் கதையைச் சொல்லிச் சிரிக்கிறான் என்று நினைத்தாள். வெறுமனே சாத்தியிருந்த கதவுக்கு உள்ளேயிருந்து தாழ்ப்பாளும் போட்டாள். வேண்டுமென்றே, கீழே கேட்கும்படி போட்டாள். அப்போது மணி நாலு அடித்துக்கொண்டிருந்தது.

அதற்கு மூன்று மாதம் கழித்துத் தம்பி செத்துப்போனான். ஒரு செவ்வாய்க்கிழமை முற்பகல். குடைத்துணியை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தவன், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு குடைமேலேயே சாய்ந்தான். அச்சுக்கூடத்துக்கு ஆள் வந்து சொல்லி, அவள் மைக்கையோடு ஓடி, போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. நாற்பத்தொரு வயது. அவன் இடது கையைப் பிடித்துக்கொண்டு அவள் உட்கார்ந்திருந்தாள். தம்பி மனைவி ஒரு வார்த்தை குத்திச் சொல்லவில்லை. “அண்ணி, டீ குடிங்க” என்று கொண்டுவந்து வைத்தாள். நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டிருந்தால்கூடப் பொம்மை அக்காவுக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

இரண்டு மாதம் போயிற்று. அச்சுக்கூடத்துக்கு ஒரு புதுத் தகடு வந்தது. கொண்டுவந்தவர் தலையில் தொப்பி.

பழைய தெரு ஒன்றின் வண்ணப் படம், விற்க எழுபத்தைந்து பிரதி, அதற்குமேல் ஒன்றுகூடக் கிடையாது. இந்த மாதிரி வேலைக்கு விதிகள் உண்டு. முதலில் ஒரு பிரதி எடுத்து, நிறங்களையெல்லாம் சரிபார்த்து, வரைந்தவர் ‘இது சரி’ என்று எழுதிக்கொடுப்பார். அது மாதிரித்தாள். மற்ற எல்லாப் பிரதியும் அதைப்போலவே இருக்க வேண்டும். மாறினால் அந்த இடத்திலேயே கிழித்துப் போட வேண்டும். எழுபத்தைந்தும் முடிந்தபின் மை போட்டவருக்கென்று ஒரு பிரதி. அப்புறம் தகட்டின் குறுக்கே ஒரு கோடு கீறி அதைக் கெடுத்துவிடுவார்கள், இனி யாரும் திருட்டுத்தனமாக அச்சடிக்க முடியாதபடி. கெடுத்ததற்குச் சாட்சியாக அந்தக் கோட்டோடு ஒரு தாள் எடுத்து வைப்பார்கள்.

தகட்டை மேஜைமேல் வைத்து முதல் மை போட்டபோது அவள் எதையும் கவனிக்கவில்லை. தகட்டில் மை போடுகிறவளுக்குப் படம் தெரியாது, பள்ளம்தான் தெரியும். சக்கரம் அச்சை இழுத்து, ஈரக் காகிதத்தை இரண்டு மூலையில் பிடித்து உரித்துத் தூக்கினார். தூக்கியவர் தாளையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார்.

“அக்கா, இது உங்க தெருவில்ல?”

“எல்லாத் தெருவும் இப்படித்தான் இருக்கும். வேலையப் பாருங்க.”

அவளுடைய தெருதான். ஆனால் இடம் வலமாகப் புரண்டிருந்தது. தொப்பிக்காரர் தெருவில் உட்கார்ந்து மெழுகு பூசிய தகட்டிலேயே நேராக ஊசியால் வரைந்துவிட்டார். அச்சில் ஏறினால் எல்லாம் கண்ணாடியில் தெரிவதைப்போலப் புரளத்தானே செய்யும்? ரொட்டிக் கடை பக்கம் மாறியிருந்தது. தெருமுனைக் கடிகாரம் காலை எட்டு மணி காட்டியது. சாயங்கால வெயில் அடிக்கிற தெருவுக்கு எட்டு மணி. ரொட்டிக் கடைக்காரர் பார்த்தால் தன் கடையை யார் தூக்கி எதிர்ப்பக்கம் வைத்தது என்று சண்டைக்கு வருவார்.

ஒரு கடை வாசலில் இரண்டு குடைகள் விரிந்து தொங்கின, ஒன்று சிவப்பு. அதன் கீழே விரல் நகம் உயரத்துக்கு ஒரு ஆள். பூதக்கண்ணாடியை எடுத்து வைத்துப் பார்த்தாள். நாலைந்து கீறல்தான், ஆனால் அந்தத் தோள் சரிவும் கழுத்தும் வேறு யாருடையது? தம்பி தலையை நிமிர்த்தி மேலே பார்த்துக்கொண்டிருந்தான். கையில் குறடு. வலது கையில்.

அவள் கண்ணாடியைக் கீழே வைத்துவிட்டுப் பின்பக்கம் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதாள். மர ஸ்கேல் முறியும்வரை அடித்து மாற்ற முடியாத கை, காகிதத்தில் அடி படாமல் மாறிவிட்டது. எட்டு வயதில் இவனை எதற்காக அப்படி அடித்தேன் என்று தன்னையே கேட்டுக்கொண்டாள். திரும்பி வந்து தகட்டைப் பார்த்தாள். தகட்டில் எல்லாம் நிஜத்தில் இருந்தபடியே இருந்தது. தம்பி இடது கையில்தான் குறடு பிடித்திருந்தான். கடிகாரத்தில் மணி நாலு.

அவன் பார்த்துக்கொண்டிருந்தது மேலே இருந்த ஜன்னலை. அது சாத்தியிருந்தது.

“அந்த ஜன்னலுக்குப் பச்சை பத்தல” என்றார் தொப்பிக்காரர், மாதிரித்தாள் எடுக்கும் அன்று. “நல்லா அழுத்தமா இருக்கணும். அது சாத்தியிருக்குன்னு பாத்த உடனே தெரியணும்மா.”

“தெரியும் சார்” என்றாள் அவள். அது தன் ஜன்னல் என்று சொல்லவில்லை. அந்த ஆள் அன்றைக்குத் தம்பியோடு சேர்ந்து சிரித்தவர். தம்பி இவரிடம் என்னவெல்லாம் சொன்னானோ? ஒன்றுக்கு இரண்டாகப் பச்சை ஏற்றினாள். அவர் ‘இது சரி’ என்று எழுதிக் கொடுத்தார்.

பிறகு மூன்று வாரம் அதே வேலை. சுவருக்கு மஞ்சள், குடைக்குச் சிவப்பு, வானத்துக்கு ஒரு சிட்டிகை நீலம், தம்பியின் சட்டைக்குப் பழுப்பு. கடைசியாகப் பச்சைப் பொம்மையை எடுத்து அந்த ஜன்னலை அழுத்தமாகச் சாத்துவாள். ஒரு நாளைக்கு ஐந்து தடவை, சில நாள் ஆறு தடவை. ஒவ்வொரு தடவையும் அவன் கீழே நின்று நிமிர்ந்து பார்ப்பான், இவள் மேலே சாத்துவாள். வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை செய்த தப்பை எழுபத்தைந்து தடவை செய்யச் சொன்னால் எந்த மனுஷிக்குத்தான் கை நடுங்காது? ஆனால் அவளுடைய கை நடுங்கவில்லை. முப்பது வருஷத் தொழில் அப்படிப் பழக்கிவிட்டது. அதுவும் அவளுக்கு வேதனையாக இருந்தது.

நாற்பத்தொன்றாவது பிரதியில்தான் கை சறுக்கியது. துடைக்கும்போது உள்ளங்கை ஓரம் அவளைக் கேட்காமல் ஜன்னல் பக்கம் போய் வந்துவிட்டது. தாளை உரித்தபோது பச்சை வெளிறி, சட்டங்கள் பாதி அழிந்து, கதவு கொஞ்சம் திறந்திருக்கிறதோ என்று தோன்றியது. சக்கரம் மாதிரித்தாளைப் பக்கத்தில் வைத்து ஒத்துப் பார்த்தார்.

“இது சேராதுக்கா.”

“தெரியுது. கிழிங்க.”

அவர் கிழிக்கவில்லை. பொதுவாக வாய் மூடாத மனுஷர். அன்றைக்கு எண்ணெய் போட வேண்டும் என்று சொல்லிக்கொண்டு இயந்திரத்துக்கு அந்தப் பக்கம் போய்விட்டார். அவளே கிழித்தாள். நாலாகக் கிழித்துக் கூடையில் போட்டபின், ஒரு யோசனை வந்து உட்கார்ந்துகொண்டது. தனக்கென்று ஒரு பிரதி உண்டே. அதில் ஜன்னலைத் திறந்துவிடலாம். பச்சையே போடாமல், குச்சியில் பஞ்சு சுற்றி டர்பன்டைனில் நனைத்து அந்தக் கோடுகளைச் சுத்தமாகத் துடைத்தெடுத்தால் அந்த இடம் வெள்ளையாக விழும். தம்பி நிமிர்ந்து பார்க்கிற ஜன்னல் ஒரே ஒரு தாளிலாவது திறந்திருக்கும். அந்த ஒரு தாளை நினைத்துக்கொண்டுதான் மிச்ச முப்பத்தைந்தையும் முடித்தாள்.

கடைசி நாள் காலையில் அதைச் செய்தாள். சக்கரம் ஒன்றும் கேட்காமல் இழுத்துக் கொடுத்தார். தாளை உரித்ததும் இரண்டு பேரும் பார்த்தார்கள். பச்சை இல்லை. மஞ்சள் சுவரில் வெள்ளையாக ஒரு சதுரம், உள்ளே வெளிச்சம் இருக்கிறது என்று நினைத்துக்கொள்ளலாம். அவளுக்கு நெஞ்சு கொஞ்சம் லேசானது. தம்பி போனபின் அன்றைக்குத்தான் பசித்து டீயும் ரொட்டியும் சாப்பிட்டாள்.

மத்தியானம் தொப்பிக்காரர் வந்தார். காய்ந்த பிரதிகளை வரிசையாக எடுத்துக் கொடுக்க, பென்சிலால் இலக்கம் போட்டு, கையெழுத்துப் போட்டார். ஒன்று கீழ் எழுபத்தைந்து என்று போட்ட முதல் தாளை மட்டும் தனியாக எடுத்து வைத்தார்.

“இது விற்கிறதுக்கு இல்லம்மா. அந்தக் குடைக்காரருக்குத் தரேன்னு சொல்லியிருக்கேன். அவருக்கும், அவங்க அம்மாவுக்கும்.”

பொம்மை அக்கா தாள்களைச் சரிசெய்துகொண்டிருந்தாள். “எந்த அம்மா சார்?”

“மாடியில இருக்காங்களே. இந்தப் பச்சை ஜன்னல்.”

“அவனுக்கு அம்மா இல்ல சார். அம்மா செத்து முப்பத்து மூணு வருஷம் ஆச்சு.”

“இல்லையே” என்றார் அவர். பென்சிலைக் கீழே வைத்தார். “அவர்தானே சொன்னாரு. அந்த ஜன்னலைத் திறந்து வச்ச மாதிரி போடுங்க சார்னு கேட்டாரு. கண்ணால பாக்காத எதையும் நான் போடறதில்லைன்னேன். அப்ப நாலு மணி வரைக்கும் இருங்க, நாலு மணிக்குத் திறப்பாங்கன்னாரு. யாரு வீடு அதுன்னு கேட்டேன். எங்கம்மான்னாரு. எங்கம்மாவுக்கு எம்மேல கோபம், ஆனா உங்க தொப்பியப் பாத்தா சிரிச்சுட்டுத் திறந்தாலும் திறப்பாங்கன்னு சொல்லிச் சிரிச்சாரு. நானும் சிரிச்சேன். நாலு அடிச்சுது. உள்ள தாழ்ப்பாள் போடற சத்தம்தான் கேட்டுது.”

அவள் கையிலிருந்த தாள்களை மெல்ல மேஜைமேல் வைத்தாள்.

“சத்தத்தக் கேட்டதும் அவருக்கு ஒரு சந்தோஷம். இருக்காங்க, அம்மா வீட்டுலதான் இருக்காங்கன்னாரு. சரி சார், சாத்தினபடியே போடுங்க, ஆனா நான் மேல பாக்கற மாதிரி போட்டுருங்கன்னாரு.” தொப்பிக்காரருக்கு அப்போதுதான் ஏதோ புரிபட்டது. “உங்களுக்கு அவரைத் தெரியுமா?”

“அந்த மாடி நான்தான் சார்” என்றாள் பொம்மை அக்கா. “அவன் என் தம்பி. போய்ட்டான்.”

அவள் முகத்தைக்கூட மூடிக்கொள்ளவில்லை. மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே அழுதாள். எந்த ஒரு வார்த்தைக்காக ஒரு வருஷம் நாலு மாதம் தாழ்ப்பாள் போட்டு உட்கார்ந்திருந்தாளோ, அந்த வார்த்தையை அவன் சொல்லியிருக்கிறான். நடுத்தெருவில், அவளுடைய ஜன்னலுக்கு நேர் எதிரே, வழிப்போக்கன் ஒருவனிடம். இடையில் இருந்தது ஒரு மரப்பலகை. அதற்கு மேல் ஒரு தாழ்ப்பாளையும் அவளேதான் போட்டாள்.

தொப்பிக்காரர் எழுந்து, தொப்பியைக் கழற்றி, என்ன செய்வதென்று தெரியாமல் திரும்ப வைத்துக்கொண்டார். அப்போது அவர் கண்ணில் அந்த ஈரத்தாள் பட்டது. மாதிரியிலிருந்து மாறியிருந்தது. ஒரு புள்ளி மாறினாலும் ஒத்துக்கொள்ளாத மனுஷர் பென்சிலை எடுத்தார்.

“இதுலயும் கையெழுத்துப் போடறேன்மா. காயட்டும்னு பாக்க வேண்டாம். கொடுங்க.”

“வேண்டாம் சார்.” அவள் கண்ணைத் துடைத்ததில் கன்னத்தில் பச்சை மை ஏறியது. “நான் திறக்கல. திறந்த மாதிரி இருக்கறது பொய்.” தாளை எடுத்து நாலாகக் கிழித்தாள். விதிப்படி கிழிக்க வேண்டியதுதான். கிழித்த துண்டுகளைக் கூடையில் போட அவளால் முடியவில்லை, சக்கரம் வாங்கிக்கொண்டார்.

மிச்சம் இருந்தது தகடு. தொப்பிக்காரர் கீறுகிற ஊசியை எடுத்து, வழக்கம்போல மூலைக்கு மூலை இழுக்க, இடது மேல்மூலையில் வைத்தார். அங்கிருந்து நேராக இழுத்தால் வலது கீழ்மூலையில் குடைக்கடை வாசலுக்குப் போகும்.

“சார், அவன் மேல வேண்டாம்.”

“குறுக்கே ஒரு கோடு கட்டாயம் போட்டாகணும்மா.”

“நான் போடறேன். கொடுங்க.”

அவள் வலது உள்ளங்கையைத் தம்பியின்மேல் வைத்து மூடிக்கொண்டாள். செம்பில் ஊசி வழுக்கும். எவ்வளவு பழகிய கையானாலும் வழுக்கும். அவன் பக்கம் போய்விடக் கூடாது. வலது கை அங்கே இருந்ததால் ஊசியை இடது கையில்தான் பிடிக்க முடிந்தது. வாழ்நாளில் இடது கையால் ஒரு கோடு இழுத்தவள் இல்லை. மூலையிலிருந்து தொடங்கி, சுவரைத் தாண்டி, அந்தச் சாத்திய ஜன்னலின் குறுக்கே பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தாள். கோடு கோணல்மாணலாகப் போய் ஓரத்தில் முடிந்தது. அவளுடைய கை வலித்தது. வராத கையில் ஒன்றைச் செய் என்று சொன்னால் இப்படித்தான் வலிக்கும் என்பது ஐம்பது வயதில் தெரிந்தது.

சாட்சித் தாளைச் சக்கரம் இழுத்தார். தகட்டை அவளிடமே கொடுத்துவிட்டார் தொப்பிக்காரர். கூடவே அந்த முதல் பிரதியையும் கொடுத்தார்.

மறுநாள் விடுமுறை. தம்பி மனைவி குழந்தையைக் கூட்டிக்கொண்டு மாடிக்கு வந்தாள். முதல் பிரதியை வெகுநேரம் பார்த்தாள்.

“இவர் மாதிரியும் இருக்கு, இல்லாத மாதிரியும் இருக்கு அண்ணி. அவருக்கு இடது கையில்ல?”

“காகிதத்துல புரண்டுரும். இங்க பாரு” என்று பொம்மை அக்கா தகட்டைக் காட்டினாள். கோடுகளில் மையைத் துடைக்காமல் அப்படியே விட்டு வைத்திருந்தாள். தம்பி மனைவி அந்த இடது கையைப் பார்த்ததும் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

தெருமுனையில் நாலு அடித்தது. பொம்மை அக்கா எழுந்து தாழ்ப்பாளை நீக்கி ஜன்னலைத் திறந்தாள். எட்டிப் பார்க்கவில்லை. கீழே கடை பூட்டியிருந்தது.

குழந்தை தகட்டின் மேல் குனிந்து, இடது கை விரலால், தொட்டுத் தொட்டுப் பார்த்தது. அத்தை அந்தக் கையைப் பார்த்தாள், தகட்டை அதன் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

“அத்தை, இங்க ஏன் கிறுக்கியிருக்கு?”

“அத்தைதான் கிறுக்கினேன். தப்பா இருந்துது.”

குழந்தை அதை ஒத்துக்கொண்டது. அதற்கு அப்பாதான் முக்கியம். நகம் உயர அப்பாவின்மேல் விரலை வைத்துக்கொண்டு, அவர் தலை நிமிர்ந்திருப்பதைப் பார்த்துத் தானும் தலையை நிமிர்த்திக்கொண்டது.

“அப்பா மேல யாரைப் பாக்குறாங்க?”

பொம்மை அக்கா குழந்தையின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“அவங்க அம்மாவை” என்றாள்.